எண்ணெய் பாக்கியும் பீரங்கிப் படகும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஓபோபோ அரசர் ஜாஜாவைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தோம். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் பாமாயில் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தவர், 1887இல் ஆங்கிலேய கான்சல் ஒருவர் அவரைக் கப்பலுக்கு வரவழைத்து அப்படியே நாடு கடத்தினார் என்று. அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை அடைத்துக்கொண்டன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

எண்ணெய் விற்பதில் வந்த தகராறு ஓர் அரசனை நாடு கடத்தும் அளவுக்கு ஏன் போனது? அங்கே அப்படி என்ன எண்ணெய்?
(தேனி வாசகர்)

நம் ரேஷன் கடையில் லிட்டர் பாக்கெட்டில் வாங்குகிறோமே, அதே எண்ணெய்தான். இன்று அது மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. மரத்தின் பூர்விகம் மேற்கு ஆப்பிரிக்கா.

இன்றைய நைஜீரியாவின் தெற்கில் நைஜர் ஆறு ஒரே முகத்துவாரமாகக் கடலில் விழுவதில்லை. பல கிளைகளாகப் பிரிந்து, கண்டல் காட்டுக்குள் பின்னிப் பிணைந்து போகிறது. அந்தக் கிளைகளின் வாயில் பானி, பிராஸ், புதிய கலபார் போன்ற ஊர்கள் இருந்தன. சற்றுக் கிழக்கே, கிராஸ் ஆற்றின் பக்கம், பழைய கலபார். சேற்று நிலம் என்பதால் விவசாயத்துக்கு வழியில்லை. ஆனால் உள்நாட்டு இக்போ, இபிபியோ கிராமங்களில் ஆட்டி எடுத்த எண்ணெய் கடலுக்கு வர வேண்டுமானால் இந்த ஊர்க்காரர்களின் ஓடத்தில்தான் வர வேண்டும். கடலிலிருந்து உப்பும் துணியும் துப்பாக்கியும் உள்ளே போக வேண்டுமானாலும் அதே ஓடம்தான்.

1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அதுவரை இங்கே மனிதர்களை ஏற்றிய லிவர்பூல் கப்பல்கள் மெல்ல எண்ணெய்க்கு மாறின. சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் இயந்திர மசகுக்கும் தகரத் தகடு செய்யவும் அது தேவைப்பட்டது. 1810 வாக்கில் பிரிட்டனுக்குப் போனது சுமார் 1,000 டன். 1850களின் நடுவில் 30,000 டன்னைத் தாண்டிவிட்டது. இந்த நடுவழியின் லாபம் யாருக்கு என்பதுதான் எல்லாத் தகராறுக்கும் வேர். விலை ஏறும்போது இரு தரப்பும் சிரித்துப் பேசின. விலை இறங்கியதும் பீரங்கி பேசியது.

வியாபாரம் எப்படி நடந்தது? ரொக்கமா, பண்டமாற்றா?
(விருதுநகர் வாசகர்)

வியாபாரம் தெரிந்த ஊரிலிருந்து வந்த கேள்வி. விவரமாகவே சொல்கிறோம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கப்பல் ஆற்றுக்குள் வந்து நங்கூரம் போட்டதும் சரக்கு இறக்க முடியாது. முதலில் அரசருக்குக் ‘கோமி’ கட்ட வேண்டும். கப்பலின் அளவைப் பொறுத்த துறைமுக வரி அது. அதன்மேல் தலைவர்களுக்கு, படகோட்டிகளின் வழிகாட்டிக்கு என்று சிறு சிறு கட்டணங்கள், ‘டேஷ்’ என்ற அன்பளிப்பு. கோமி வந்து சேர்ந்ததும் அரசர் படாடோபமாகக் கப்பலுக்கு வந்து வியாபாரத்தைத் திறந்துவைப்பார். அதற்கு முன் யாராவது ஒரு பீப்பாய் விற்றாலும் குற்றம்.

கப்பலின் வியாபாரப் பொறுப்பாளருக்கு சூப்பர்கார்கோ என்று பெயர். காய்ச்சலுக்குப் பயந்து அவர் கரையில் தங்கமாட்டார். பாய்மரம் கழற்றிய பழைய கப்பலை ஆற்றில் நிரந்தரமாகக் கட்டி, மேலே கூரை வேய்ந்து, அதையே கடையும் கிடங்கும் வீடுமாக வைத்துக்கொள்வார். ‘ஹல்க்’ என்பது அதுதான். பீப்பாய் செய்பவர்களும், லைபீரியக் கரையிலிருந்து கூலிக்கு வந்த குரு இனத்தவரும் அவரிடம் வேலை பார்த்தார்கள்.

அடுத்தது ‘டிரஸ்ட்’. சூப்பர்கார்கோ துணி, உப்பு, துப்பாக்கி, வெடிமருந்து, ஜின், பித்தளைக் கம்பி எல்லாவற்றையும் உள்ளூர்த் தலைவரிடம் கடனாகக் கொடுத்துவிடுவார். தலைவர் அதைத் தம் ஆட்களிடம் பிரித்துக் கொடுப்பார். அவர்கள் ஓடத்தில் உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போய், கலயம் கலயமாக எண்ணெய் வாங்கி, ஹல்க்குக்குக் கொண்டுவந்து அளந்து ஊற்றுவார்கள். அளவு ‘பஞ்சன்’ என்ற பெரிய பீப்பாயில். கடன் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

ரொக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பானியில் குதிரை லாடம் போல வளைந்த மனிலா என்ற பித்தளை வளையமும், பழைய கலபாரில் செம்புக் கம்பியும் காசாகவே புழங்கின. ஆனால் பெரிய கணக்கெல்லாம் டிரஸ்ட்தான்.

கடன் கொடுத்தவர் கப்பலில், வாங்கியவர் காட்டுக்குள். வசூல் எப்படி?
(காரைக்குடி வாசகர்)

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். லிவர்பூல் காரர்கள் அவ்வளவு சரக்கைக் கடனாக இறைத்ததற்குக் காரணம் தாராள மனசு அல்ல. கடன்பட்டவன் வேறு கப்பலுக்கு விற்க முடியாது. புதிதாக வருகிற சின்ன வியாபாரிக்கு எண்ணெயே கிடைக்காது. டிரஸ்ட் என்பது ஒரு வேலி. 1852 முதல் தபால் நீராவிக் கப்பல் மாதந்தோறும் வரத் தொடங்கியதும் அந்த வேலியில் ஓட்டை விழுந்தது. சொந்தக் கப்பல் இல்லாத சிறு வியாபாரியும், சியரா லியோனிலிருந்து வந்த விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களும், ஏன், உள்ளூர்த் தலைவர்களேகூட நேரடியாக இங்கிலாந்துக்கு எண்ணெய் அனுப்பலாம் என்றாயிற்று. பழைய கடனில் கட்டுண்ட எண்ணெய் புதிய கைக்குப் போவதைப் பார்த்த சூப்பர்கார்கோக்கள் கொதித்தார்கள்.

அவர்கள் கையாண்ட வழிக்கு ‘எண்ணெய் சாப்’ என்று பெயர். கடன்காரனின் ஓடம் ஆற்றில் வரும்போது ஆயுதத்தோடு மறித்து எண்ணெயைப் பறித்துக்கொள்வது. கோர்ட்டும் இல்லை, ஜப்தி உத்தரவும் இல்லை. அந்த எண்ணெய் கடன்காரனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை, அவன் ஊர்க்காரனுடையதாக இருந்தாலும் போதும். சில சமயம் அந்த எண்ணெய் இன்னொரு சூப்பர்கார்கோவுக்கு வர வேண்டியதாக இருக்கும். அப்போது வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே அடிதடி.

அரசர் பக்கமும் ஆயுதம் இருந்தது. வியாபாரத்தை நிறுத்திவிடுவார். ஒரு ஹல்க்கை மட்டும் ஒதுக்கி வைப்பார், தண்ணீரும் விறகும்கூடப் போகாது. மிஞ்சினால் சூப்பர்கார்கோவையே கரையில் பிடித்து உட்காரவைப்பார். பழைய கலபாரில் எக்பே என்ற ரகசியச் சங்கம் கடன் வசூலுக்கு வெகு நேர்த்தியான கருவி. சங்கம் ஒருவன்மேல் தடை போட்டுவிட்டால் ஊரில் யாரும் அவனோடு கொடுக்கல் வாங்கல் வைக்க முடியாது. இதன் பலம் புரிந்த சில ஐரோப்பிய வியாபாரிகள் பணம் கட்டி அந்தச் சங்கத்திலேயே சேர்ந்துகொண்டார்கள்.

இதையெல்லாம் ஆங்கிலேயர் எழுதிவைத்த விதம்தான் வேடிக்கை. சூப்பர்கார்கோ பறித்தால் கடன் வசூல், தலைவர் பறித்தால் கொள்ளை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

கான்சல் என்றால் கலெக்டர் மாதிரியா? அவருக்கு என்ன அதிகாரம்?
(சேலம் வாசகர்)

கலெக்டருக்குத் தாலுகா, தாசில்தார், போலீஸ் எல்லாம் உண்டு. கான்சல் என்பவர் வெளிநாட்டில் தம் நாட்டு வியாபாரிகளைக் கவனிக்கும் அரசுப் பிரதிநிதி, இவருக்கு அதெல்லாம் ஒன்றும் கிடையாது. 1849இல் ஜான் பீக்ராஃப்ட் என்பவரை பெனின், பியாஃப்ரா வளைகுடாக்களுக்குக் கான்சலாக நியமித்தார்கள். அவர் இருந்தது கழிமுகத்தில் அல்ல. கடலுக்கு நடுவே ஸ்பெயினுக்குச் சொந்தமான ஃபெர்னாண்டோ போ தீவில் (இன்றைய பெயர் பியோகோ). பீக்ராஃப்டே பழைய வியாபாரி. ஸ்பெயினுக்காக அதே தீவின் கவர்னராகவும் இருந்தவர். கழிமுகம் அன்று பிரிட்டிஷ் மண் அல்ல. அரசர்களை விசாரிக்கச் சட்டப்படி அவருக்கு எந்த உரிமையும் இல்லை. பிரிட்டிஷ் வியாபாரிகளைத் தண்டிக்கவே அவருக்குத் தெளிவான அதிகாரம் 1872இல் வந்த அரசாணையில்தான் கிடைத்தது.

ஒரு புகார் எப்படிப் போகும் என்று பாருங்கள். சூப்பர்கார்கோ கடிதம் எழுதுவார். அது தீவுக்குப் போகும். கான்சலுக்குச் சொந்தக் கப்பல் இல்லை, கடற்படையிடம் ஒன்று கேட்க வேண்டும். கப்பல் ஒழியும்போதுதான் பயணம். ஆற்று வாயில் மணல் திட்டு. பெரிய கப்பல் உள்ளே வராது, ஆழம் குறைந்த பீரங்கிப் படகுதான் வரும். வந்து சேர்ந்தபின் தங்குவதும் சாப்பிடுவதும் பல நேரம் புகார் கொடுத்தவர்களின் ஹல்க்கில். பிறகு அரசரையும் தலைவர்களையும் கப்பல் மேல்தட்டுக்குக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து. எழுதிவைத்த கணக்கு பெரும்பாலும் ஒரு தரப்பிடம்தான் இருக்கும். தீர்ப்பு பஞ்சன் கணக்கில் அபராதமாக வரும், இனி இப்படி நடக்காது என்று ஒரு ஒப்பந்தத்தில் தலைவர்கள் குறி போடுவார்கள். கப்பல் கிளம்பிவிடும்.

கிளம்பிவிடும் என்பதுதான் கோளாறே. அபராதத்தை வசூலிக்க அங்கே ஆள் இல்லை. அடுத்த முறை கப்பல் வரும்போது பழைய பாக்கி, புதிய புகார் இரண்டும் சேர்ந்திருக்கும். கான்சலிடம் இருந்த ஒரே கருவி பீரங்கி. ஆகவே சின்ன வழக்கும் ‘சுடுவதா வேண்டாமா’ என்ற கேள்வியில்தான் வந்து நின்றது. 1855 ஜனவரியில் பழைய கலபாரின் ஓல்டு டவுனை ஒரு தற்காலிகக் கான்சல் போர்க்கப்பலைக் கொண்டு தரைமட்டமாக்கினார். சொன்ன காரணம், ஒரு தலைவரின் சாவுச் சடங்கில் நடந்த உயிர்ப்பலி. பலியை முதலில் கண்டித்துவந்த பாதிரிமார்களே இந்த அழிப்பை எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் சூப்பர்கார்கோக்கள்.

கோர்ட்டே இல்லையா?
(திருப்பூர் வாசகர்)

ஒன்று இருந்தது. பெயர் மட்டும் அழகு: ‘சமநீதி மன்றம்’. 1850களில் பானியிலும் பிறகு பழைய கலபாரிலும் அமைந்தது. சூப்பர்கார்கோக்கள் மாதம் ஒருவராகத் தலைமை தாங்குவார்கள், சில உள்ளூர்த் தலைவர்களும் உட்காருவார்கள். அபராதம் கட்டாதவர் ஆற்றில் வியாபாரம் செய்ய முடியாது. சில்லறைத் தகராறுகளை இது சீக்கிரம் பைசல் செய்தது உண்மை. எண்ணெயில் தண்ணீரோ மணலோ கலந்தது, பீப்பாய் அளவு குறைந்தது போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் கடன் கொடுத்தவரே நீதிபதியாக உட்கார்ந்து கடன் வழக்கை விசாரித்தால் என்ன ஆகும்? வேலிக்கு ஓணான் சாட்சி.

ஜாஜாவுக்கு முன்பும் யாரையாவது இப்படி நீக்கினார்களா?
(பாளையங்கோட்டை வாசகர்)

பானி அரசர் வில்லியம் டாப்பா பெப்பிளை. 1837இல் ராஜப்பிரதிநிதி அலாலியை ஓரங்கட்ட அதே பெப்பிள் பிரிட்டிஷ் கடற்படையின் தயவைத்தான் பயன்படுத்திக்கொண்டார். 1854 ஜனவரியில் பீக்ராஃப்ட் வந்து, பக்கத்து ஊரோடு சண்டை போட்டு வியாபாரத்தைக் கெடுத்தார் என்று சொல்லி, தலைவர்களையும் சூப்பர்கார்கோக்களையும் கூட்டி அவரை நீக்கிக் கூட்டிப் போய்விட்டார். ஃபெர்னாண்டோ போ, அசென்ஷன் தீவு, கடைசியில் லண்டன். அரசர் இல்லாத பானியில் கலவரம் கூடியது, வியாபாரம் இன்னும் படுத்தது. 1861இல் அவரையே திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஒரு நடுவரை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, சண்டைதான் வந்து உட்காரும் என்று கான்சல் அலுவலகம் அப்போதே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

ஜாஜா விஷயத்துக்கு வாருங்கள். அவர் ஒப்பந்தத்தை மீறினார் என்று ஆங்கிலேயர் சொன்னது உண்மையா, பொய்யா?
(மதுரை, நாகர்கோவில், கோவை வாசகர்கள்)

எந்த ஒப்பந்தத்தை என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

ஜாஜா இக்போ இனத்தவர். சிறுவனாக அடிமையாக விற்கப்பட்டு பானிக்கு வந்தவர். அங்கே ‘வீடு’ என்பது குடும்பம், கம்பெனி, படை மூன்றும் சேர்ந்த ஒன்று. திறமை இருந்தால் அடிமையும் அதற்குத் தலைவராகலாம். 1863இல் அன்னா பெப்பிள் வீட்டின் தலைவரானார். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட டிரஸ்ட் கடன். அதை அவர் அடைத்துவிட்டு வளர்ந்ததுதான் போட்டி வீட்டின் கண்ணை உறுத்தியது. 1869இல் பானியில் உள்நாட்டுச் சண்டை வந்தது. ஜாஜா தம் ஆட்களோடு கிழக்கே நகர்ந்து, இமோ ஆற்றின் வாயில் ஓபோபோ என்ற புதிய ஊரை அமைத்தார். எண்ணெய்ச் சந்தைகளுக்குப் போகும் வழி அதுதான். பானிக்கு எண்ணெய் வரத்து அறுந்தது. பானியில் கடனைக் கொட்டிவைத்திருந்த கம்பெனிகள் கான்சலிடம் ஓடின. சில கம்பெனிகள் புத்திசாலித்தனமாக ஹல்க்கை அவிழ்த்து ஓபோபோவுக்கே கொண்டுபோயின.

1873 ஜனவரியில் கான்சல் சார்ல்ஸ் லிவிங்ஸ்டன் (ஆப்பிரிக்கப் பயணி டேவிட் லிவிங்ஸ்டனின் தம்பி) ஜாஜாவை ஓபோபோ அரசராக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரர் துறை என்று குறித்த இடத்துக்கு மேலே எந்த வியாபாரக் கப்பலும் ஆற்றில் ஏறக் கூடாது. எச்சரித்தும் ஏறினால் ஜாஜா கப்பலைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், 100 பஞ்சன் எண்ணெய் அபராதம் கட்டும்வரை விட வேண்டியதில்லை. ஆற்றை மூடும் உரிமையை ஆங்கிலேயரே எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கானாவில் ஆங்கிலேயர் நடத்திய அசாந்தி போருக்கு அவர் ஆள் அனுப்பினார். விக்டோரியா ராணியிடமிருந்து கௌரவ வாளும் வந்தது.

1884இல் ஜெர்மனியும் பிரான்சும் இந்தக் கரையை நெருங்கின. கான்சல் ஹெவெட் அச்சடித்த பாதுகாப்பு ஒப்பந்தங்களோடு ஊர் ஊராக வந்தார். ஜாஜா, ‘பாதுகாப்பு’ என்றால் என்ன பொருள், எழுத்தில் கொடுங்கள் என்றார். ஹெவெட் எழுதிக் கொடுத்தார்: ராணிக்கு உங்கள் நாடும் வேண்டாம், சந்தையும் வேண்டாம், வேறு நாட்டார் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அக்கறை என்ற கருத்தில். தடையில்லா வியாபாரம் பற்றிய 6ஆம் ஷரத்தை ஜாஜா அடிக்கச் சொன்னார், அடித்தார்கள். ஆனால் 5ஆம் ஷரத்து அப்படியே நின்றது. நிர்வாகத்திலும் வியாபார நலனிலும் கான்சலின் யோசனைப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஷரத்து அது. ஊசி நுழையும் இடம் அதுதான்.

1850களில் லிவர்பூலில் டன்னுக்கு 40 பவுண்டை ஒட்டி விற்ற எண்ணெய், 1880களின் கடைசியில் 20 பவுண்ட் அளவுக்கு இறங்கியிருந்தது. ஓபோபோ கம்பெனிகள் ஒன்றுகூடி, ஜாஜாவுக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்தன. அவர் தம் எண்ணெயை நேராக இங்கிலாந்துக்கு அனுப்பினார், கூட்டில் சேராத ஒரு கம்பெனிக்கு விற்றார். மற்றவர்கள் கோமி கட்டுவதை நிறுத்தி, உள்நாட்டுச் சந்தைக்கு நேரடியாகப் போக முயன்றார்கள். அவர் ஓடைகளை அடைத்தார். 1873 ஒப்பந்தப்படி சரி, 1884இன் 5ஆம் ஷரத்துப்படி தவறு. இரண்டையும் எழுதியவர்கள் ஒரே அரசாங்கத்தின் கான்சல்கள்.

அப்போது தற்காலிகக் கான்சல் ஹாரி ஜான்ஸ்டன், வயது 29. ஜாஜா தம் தரப்பைச் சொல்ல லண்டனுக்கே தூதுக்குழு அனுப்பியிருந்தார். பதில் வருவதற்குள் ஜான்ஸ்டன் முந்திக்கொண்டார். 1887 செப்டம்பரில் ‘கோஷாக்’ என்ற பீரங்கிப் படகில் வந்து ஜாஜாவைப் பேச்சுக்கு அழைத்தார். ஜாஜா தயங்கினார். என் யோசனையை ஏற்றாலும் மறுத்தாலும் உங்களைத் தடுக்கமாட்டோம், செய்தியைக் கேட்டதும் போகலாம் என்று ஜான்ஸ்டன் எழுத்தில் உறுதி கொடுத்தார். செப்டம்பர் 19ஆம் தேதி ஜாஜா கப்பலேறினார். அங்கே வாசித்துக் காட்டியது இது: அக்ரா (இன்றைய கானாவின் தலைநகர்) வந்து விசாரணைக்கு நிற்க வேண்டும். மறுத்தால் கரைக்குப் போகலாம், ஆனால் பகைவராகக் கருதப்படுவீர், ஊர்மேல் குண்டு விழும். யோசிக்க ஒரு மணி நேரம்.

சொன்ன சொல் எழுத்தளவில் மீறப்படவில்லை பாருங்கள். ‘போகலாம்’ என்பது நிஜம்தான். ஊரைச் சுடக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஜாஜா ஊரைக் காப்பாற்றினார். அக்ராவில் அட்மிரல் ஹண்ட்–கிரப் விசாரித்தார். ஒப்பந்த மீறல், வழிமறிப்பு என்று குற்றம் சாட்டி, மேற்கிந்தியத் தீவுகளில் ஐந்தாண்டு, ஆண்டுக்கு 800 பவுண்ட் படி என்று முடித்தார்கள். வேறு இடத்தில் நடந்திருந்தால் இதை ஆள்கடத்தல் என்பார்கள் என்று சொன்னவர் எதிரியல்ல, பிரதமர் சால்ஸ்பரியே. சொன்னாரே தவிர ஜாஜாவை விடவில்லை.

இதைப் பார்த்த மற்ற அரசர்கள் என்ன செய்தார்கள்?
(தஞ்சாவூர் வாசகர்)

கப்பலில் ஏறுவதை நிறுத்தினார்கள். பெனின் ஆற்றில் இட்செகிரி மக்களின் தலைவர் நானா ஓலோமுவை 1894இல் தற்காலிகக் கான்சல்–ஜெனரல் ரால்ஃப் மூர் பேச அழைத்தபோது, ஜாஜாவுக்கு ஆனதைச் சொல்லியே அவர் வர மறுத்தார். மறுத்ததே கலகத்துக்கு அடையாளம் என்றாகிவிட்டது. சதுப்புக்குள் மரக் கோட்டையோடு இருந்த எப்ரோஹிமி ஊரை முதலில் பிடிக்க முடியவில்லை. ஓடை குறுகல், படகு உள்ளே நுழைந்தால் பீரங்கிக்கு நேர். செப்டம்பர் கடைசியில் ஊர் விழுந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகள் கிடைத்தன. அத்தனையும் பல ஆண்டுகளாக ஐரோப்பிய வியாபாரிகள் விற்றவை. நானா லாகோஸ் போய்ச் சரணடைந்தார், நாடு கடத்தப்பட்டு 1906இல்தான் திரும்பினார்.

ஜாஜாவுக்குக் கொடுத்த உறுதியின் பொருளை முறித்ததால் மிச்சமானது ஒரு நாள் சண்டை, இழந்தது அதற்குப் பிறகான எல்லாப் பேச்சுவார்த்தையும். மூன்றே ஆண்டில் பெனின் நகரமும் எரிந்தது. அது தனிக் கதை, இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்வோம்.

உள்ளூர்க்காரர்களே முதலில் தாக்கிய சம்பவம் ஏதும் உண்டா? அதில் அதிகாரிகள் எப்படி நடந்தார்கள்?
(புதுச்சேரி வாசகர்)

1895 ஜனவரி 29, அகாசா. எல்லா வழக்கிலும் இதுதான் அதிகம் யோசிக்க வைப்பது.

1886இல் ராயல் நைஜர் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. ஜார்ஜ் கோல்டி என்பவரின் மூளை. நைஜர் ஆற்றங்கரையை ஆளும் உரிமையும் வரி போடும் உரிமையும் ஒரு வியாபாரக் கம்பெனிக்கே. பக்கத்துக் கடலோரம் கான்சலின் கீழ். பிராஸ் மக்களின் ஊரான நெம்பே கான்சல் எல்லையில் இருந்தது. அவர்கள் தலைமுறையாகப் போய்வந்த சந்தைகள் கம்பெனி எல்லையில் இருந்தன. வரைபடத்தில் ஒரு கோடு போட்டதும் அவர்கள் தம் சந்தையிலேயே அந்நியர் ஆனார்கள். உள்ளே போக ஆண்டுக்கு 50 பவுண்ட் உரிமக் கட்டணம், ஒவ்வொரு வியாபார நிலையத்துக்கும் 10 பவுண்ட், சாராயம் விற்க இன்னும் 100 பவுண்ட், அதன்மேல் இறக்குமதி ஏற்றுமதி வரி. நெம்பே சேற்று நிலம் என்பதை மறந்துவிடக் கூடாது. சந்தை மூடினால் எண்ணெய் மட்டுமல்ல, கிழங்கும் வராது. திருட்டுத்தனமாகப் போன ஓடங்களைக் கம்பெனி ஆட்கள் சுட்டார்கள், பறித்தார்கள்.

கான்சல்–ஜெனரல் கிளாட் மெக்டொனால்டுக்கு இது தெரியும், மேலிடத்துக்கு எழுதியும் இருந்தார். ஆனால் அவர் அதிகாரம் கோட்டோடு நின்றது. தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்பு பிராஸிலிருந்த துணைக் கான்சலுக்குப் பெயர் போடாத எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதைக் கம்பெனிக்கும் அனுப்பினார். அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை.

நெம்பே அரசர் கோகோ ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு போர் ஓடங்களில் வந்து விடியற்காலையில் கம்பெனியின் அகாசா துறையைத் தாக்கினார். கிடங்குகளையும் பணிமனைகளையும் நாசமாக்கினார்கள். பிடித்துப் போனவர்களில் நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள், சிலரைச் சடங்காகத் தின்றார்கள். இதை மூடி மறைப்பதில் பயனில்லை. இறந்தவர்கள் கம்பெனியின் ஆப்பிரிக்கக் கூலிகள், அவர்களுக்கும் சந்தை மூடலுக்கும் சம்பந்தமில்லை. கோகோ உடனே துணைக் கான்சலுக்கு எழுதினார்: எங்கள் சண்டை கம்பெனியோடு, ராணியோடு அல்ல. கம்பெனியும் ராணியும் வேறு வேறு என்று நம்பிய கடைசி ஆள் அவராகத்தான் இருக்கும். பிப்ரவரியில் அட்மிரல் பெட்ஃபோர்டின் படை நெம்பேயை எரித்தது. பின்னாலேயே பெரியம்மையும் பஞ்சமும்.

வழக்கத்துக்கு மாறாக நடந்தது அதற்குப் பிறகுதான். கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் நெடுங்காலம் பணியாற்றிய சர் ஜான் கர்க்கை லண்டன் விசாரணைக்கு அனுப்பியது. சுட்டது யார் என்பதோடு அவர் நிற்கவில்லை. கம்பெனியின் விதிகளையும் கட்டணங்களையும் எடுத்துப் படித்து, பிராஸ் மக்கள் முறையாக வியாபாரம் செய்யவே வழியில்லை என்று எழுதினார். கழிமுகத்தின் நாற்பது ஆண்டு வழக்குகளில், புகார் கொடுத்தவரின் கணக்கையும் ஒருவர் தணிக்கை செய்தது அபூர்வம். பயன் கிடைக்க நேரமாயிற்று. 1900 ஜனவரி 1 முதல் கம்பெனியின் ஆட்சியுரிமையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு நஷ்ட ஈடு 8,65,000 பவுண்ட். கோகோ 1898இலேயே தலைமறைவாக இறந்துபோயிருந்தார்.

நம் ஊரில் இப்படி நடக்கவில்லையா?
(ஆற்காடு வாசகர்)

உங்கள் ஊர்ப் பெயரே பதில். ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கிக் குவித்தார். பால் பென்ஃபீல்டு என்பவர் அந்தக் கடனுக்குத் தஞ்சாவூர் விளைச்சலின்மீதே உரிமை கோரினார். தஞ்சாவூரை ராஜாவுக்குத் திருப்பிக் கொடுத்த சென்னை கவர்னர் பிகட் பிரபுவை 1776 ஆகஸ்டில் அவருடைய கவுன்சிலே கைது செய்தது. 1777இல் காவலிலேயே இறந்தார். நைஜரில் கடன்காரரைச் சிறைப்பிடித்தார்கள், சென்னையில் நடுவரையே சிறைப்பிடித்தார்கள்.

முதுகலை வரலாறு படிக்கிறேன். இந்தக் கான்சல் கடிதங்களை எப்படி வாசிப்பது?
(திருச்சி வாசகர்)

பெரும்பகுதி லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், வெளியுறவுத் துறையின் 84ஆம் வரிசையில் இருக்கிறது. அது அடிமை வியாபாரத் துறையின் கோப்பு. எண்ணெய்க் கடிதங்கள் அதற்குள் ஏன் என்று குழம்ப வேண்டாம், கான்சல் பதவியே அந்தத் துறையில் பிறந்ததுதான்.

கடிதத்தைப் படிக்கும் முன் அந்த ஆண்டு லிவர்பூல் எண்ணெய் விலையைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பாதி வழக்கு அதிலேயே விளங்கும். அடுத்தது, கான்சல் எந்தக் கம்பெனியின் ஹல்க்கிலிருந்து கடிதத்தை எழுதினார், யார் மொழிபெயர்த்தார் என்று பாருங்கள். ‘கலகம்’ என்று வருமிடத்தில் ‘விலை பேரம்’ என்றும், ‘கொள்ளை’ என்று வருமிடத்தில் ‘கோமி பாக்கி’ என்றும் போட்டு வாசித்துப் பாருங்கள். பொருள் கெடாமல் ஓடினால் சந்தேகப்பட வேண்டியதுதான். ஒப்பந்தங்களில் ஷரத்து எண்களைச் சரிபாருங்கள். அச்சடித்த படிவத்தில் எந்த எண் விடுபட்டிருக்கிறதோ, அங்கே அரசர் தரப்பு பேசியிருக்கிறது. கடைசியாகத் தேதிகள். சம்பவ நாளுக்கும் லண்டன் உத்தரவு வந்த நாளுக்கும் நடுவில் எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். கான்சல் தாமாகச் செய்தது எல்லாம் அந்த வாரங்களில்தான் நடந்திருக்கும்.

ஜாஜா ஊர் திரும்பினாரா?
(தூத்துக்குடி வாசகர்)

செயின்ட் வின்சென்ட், பிறகு பார்படோஸ். தீவில் உடல் நலிந்தது, திரும்பிப் போக விடுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1891இல் அனுமதி வந்தது. வழியில், கேனரி தீவுகளின் டெனரீஃபில் இறந்துபோனார். உடலை ஓபோபோவுக்குக் கொண்டுவந்து அரச மரியாதையோடு புதைத்தார்கள். அதே ஆண்டில்தான் கழிமுகத்துக்கு முதன்முதலாக முறையான நிர்வாகத்தோடு ஒரு கான்சல்–ஜெனரல் வந்து இறங்கினார்.